பத்துப் பேருக்கு ஒரு சவின் விருந்து

மூன்றாவது ரொட்டிதான் சரியாக வந்தது. அதன் அடியில் விரலால் தட்டியபோது காலிக் குடத்தைத் தட்டியது போல ஓசை வந்தது. அந்த ஓசைக்காக நான் பத்து நாள் காத்திருந்தேன்.

அயர்லாந்தின் கார்க் நகரில் செவிலியராக வேலை பார்க்க வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சக ஊழியர்களை அழைத்துப் பிரியாணி போட்டிருக்கிறேன். அவர்கள் நாட்டுச் சாப்பாட்டை என் கையால் ஆக்கி அவர்களுக்கே பரிமாற வேண்டும் என்ற ஆசை மட்டும் தள்ளிக்கொண்டே போனது. இந்த ஆண்டு அக்டோபர் 31 வெள்ளிக்கிழமையில் வந்தது, எனக்கும் விடுமுறை கிடைத்தது. உலகம் ஹாலோவீன் என்று கொண்டாடும் அந்த இரவுக்கு இங்கே பழைய பெயர் சவின். ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்தின் பெயரும் அதுதான்.

அந்த நாளைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. மறுநாள் சகல புனிதர் திருநாள், அதற்கு அடுத்த நாள் கல்லறைத் திருநாள். தூத்துக்குடியில் வளர்ந்த எனக்கு இந்த வரிசை மனப்பாடம். திருநாளுக்கு முந்தைய நாள் என்பதால் அயர்லாந்தில் நெடுங்காலம் 31ஆம் தேதி சுத்தபோசனம், அதாவது இறைச்சி கிடையாது. அதனால் அந்த இரவின் பாரம்பரிய உணவு எல்லாம் உருளைக்கிழங்கு, கீரை, பால், வெண்ணெய், மாவு, உலர்பழம் என்றே அமைந்துவிட்டது. அழைத்திருந்த தமிழ் நண்பர்கள் நால்வரில் இருவர் இறைச்சி சாப்பிடாதவர்கள். அவர்களுக்கென்று தனியாக எதுவும் சமைக்கத் தேவையில்லை என்பது பெரிய நிம்மதி.

பட்டியல் இப்படி முடிவானது: சோடா ரொட்டி, கோல்கேனன் என்ற கிழங்கு மசியல், பாக்ஸ்டி என்ற கிழங்கு அடை, பார்ம்பிராக் என்ற பழ ரொட்டி, கடைசியில் கேரகீன் என்ற கடற்பாசி சேர்த்த பால் புட்டிங். அலங்காரத்துக்கு டர்னிப் கிழங்கைக் குடைந்து ஒரு விளக்கு.

முதலில் ரொட்டி. செய்பொருள் நான்கே நான்கு: 450 கிராம் மாவு, ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா, ஒரு தேக்கரண்டி உப்பு, 350 முதல் 400 மில்லி மோர். இங்கே ஆப்பசோடாவுக்கே பிரெட் சோடா என்றுதான் பெயர். மோர் என்றால் நம் வீட்டு நீர்மோர் இல்லை. அட்டைப் பெட்டியில் கெட்டியாக, நல்ல புளிப்போடு விற்கிறார்கள். ஈஸ்ட் கிடையாது, புளிக்க வைக்கும் நேரமும் கிடையாது. இவ்வளவு எளிதான ரொட்டியை இரண்டு முறை கெடுத்தேன்.

முதல் முறை இரண்டு தவறுகள். ரொட்டிக்கு ரொட்டி மாவு என்று நினைத்து, ஈஸ்ட் ரொட்டிக்கான ஸ்ட்ராங் மாவை வாங்கிவிட்டேன். அயர்லாந்தின் ஈரக் காற்றில் விளையும் கோதுமை மென்மையானது, அதற்காகவே பிறந்தது இந்த ரொட்டி. வாங்க வேண்டியது உறையில் ‘கிரீம்’ என்று போட்டிருக்கும் சாதாரண மாவு. இரண்டாவது தவறு என் கையில் இருந்தது. மோரை ஊற்றியதும் கை தானாகவே சப்பாத்தி மாவு பிசையத் தொடங்கிவிட்டது. பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்து, பந்து போல உருட்டி வைத்தேன். ஓவனிலிருந்து வந்தது ஒரு கல். வெட்டினால் உள்ளே ரப்பர் போல இழுத்தது.

பக்கத்து வீட்டில் எழுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் இருக்கிறார். லீட்ரிம் மாவட்டத்தில் பிறந்து, திருமணமாகிக் கார்க்குக்கு வந்தவர். கல்லை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். கையில் வாங்கி எடை பார்த்தார். “இதைப் பிசைந்திருக்கிறாய், கண்ணே. பிசையவே கூடாது” என்றார். பிறகு காற்றில் செய்து காட்டினார். ஐந்து விரலையும் நகம் போல வளைத்து விறைப்பாக வைத்துக்கொண்டு, பாத்திரத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமாகச் சுற்ற வேண்டும். மாவு ஒன்று சேர்ந்த நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். மொத்தமாக ஒரு நிமிடம்கூட ஆகாது.

இரண்டாவது முறை மாவும் சரி, கையும் சரி. ஆனால் சோடாவைக் கும்பாரமாக அள்ளிவிட்டேன், சலிக்கவும் இல்லை. ரொட்டி நன்றாக உப்பியது. உள்ளே மட்டும் ஆங்காங்கே மஞ்சள் பச்சைப் புள்ளிகள், நாக்கில் சோப்பு வாடை. தேக்கரண்டியைக் கத்தி முதுகால் வழித்து மட்டமாக்க வேண்டும். சோடாவை உள்ளங்கையில் தேய்த்துக் கட்டியை உடைத்து, மாவோடு சேர்த்துச் சலிக்க வேண்டும். இப்போது ஐந்து கிராம் என்று எலக்ட்ரானிக் தராசிலேயே நிறுத்துவிடுகிறேன்.

மூன்றாவது ரொட்டியின் கணக்கு: 380 மில்லி மோர், நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் வட்டம், மேலே கத்தியால் விளிம்பு வரை ஆழமான சிலுவைக் கீறல். தேவதைகள் வெளியேறுவதற்குத்தான் அந்தக் கீறல் என்று அந்த அம்மா சொன்னார். நடுப்பகுதி வேக அது உதவுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தேன். முந்தைய இரண்டிலும் கீறல் மேலோட்டமாக இருந்ததால் நடுவில் ஈரம் நின்றுவிட்டது. என் ஓவனில் மின்விசிறி உண்டு என்பதால் முதல் 15 நிமிடம் 210 டிகிரி, பிறகு 30 நிமிடம் 180 டிகிரி. மேல் ஓடு மென்மையாக இருக்க வேண்டுமானால் எடுத்தவுடன் ஈரத் துணியில் சுற்றிவிடலாம்.

அடுத்தது பார்ம்பிராக். ஐரிஷ் மொழியில் ‘புள்ளி விழுந்த ரொட்டி’ என்று பொருள். ஈஸ்ட் போட்டுச் செய்வதுதான் மூல வழி. நான் தேநீரில் பழம் ஊறவைக்கும் எளிய வழியை எடுத்துக்கொண்டேன். 375 கிராம் உலர்திராட்சையை 300 மில்லி ஆறிய டிகாஷனில் ஓர் இரவு ஊறவைத்தேன். கார்க் ஊரின் சொந்தத் தேயிலையான பாரிஸ் டீ, நான்கு பைகள். காலையில் பார்த்தால் திராட்சை எல்லாம் குண்டாக வீங்கி, டிகாஷன் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. அதோடு 200 கிராம் பழுப்புச் சர்க்கரை, ஒரு முட்டை, சோடா கலந்தே விற்கும் மாவு 225 கிராம், பட்டை ஜாதிக்காய்ப் பொடி ஒரு தேக்கரண்டி. 160 டிகிரியில் 75 நிமிடம். இது ஒரே முயற்சியில் வந்தது. விருந்துக்கு இரண்டு நாள் முன்பே செய்து காகிதத்தில் சுற்றி வைத்ததில் ருசி கூடியது. வெட்டி, மேலே வெண்ணெய் தடவித்தான் சாப்பிட வேண்டும்.

இந்த ரொட்டிக்குள் பொருள்களை மறைத்து வைப்பது வழக்கம். மோதிரம் கிடைத்தால் திருமணம், நாணயம் கிடைத்தால் செல்வம், கந்தல் துணி கிடைத்தால் வறுமை. நான் துணியை விட்டுவிட்டேன். யாருக்கும் வறுமையைப் பரிமாற மனம் வரவில்லை. மோதிரத்தையும் நாணயத்தையும் கொதிநீரில் போட்டு எடுத்து, பட்டர் பேப்பரில் தனித்தனியாகச் சுற்றி மாவில் அழுத்தினேன். எங்கே வைத்தேன் என்று குறித்துக்கொள்ளாதது பிழை. இரண்டும் ஒரே முனைக்குப் பக்கத்தில் போய்விட்டன, கத்தி நேராக நாணயத்தில் இடித்தது. அடுத்த முறை தகர அச்சின் வெளிப்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுத்தான் அழுத்துவேன்.

விருந்தின் தலைவி கோல்கேனன். கேல் கீரையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த மசியல். ஒத்திகைக்கு ஒரு கிலோ கிழங்கைத் தோல் சீவி, துண்டு போட்டு, நிறைய நீரில் வேகவைத்து, கை மிக்ஸியை உள்ளே விட்டேன். அரை நிமிடத்தில் சுவரொட்டி ஒட்டும் பசை தயாராகிவிட்டது. கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக இழுத்தது. அதை எந்த வெண்ணெயாலும் காப்பாற்ற முடியவில்லை.

இங்கே கிழங்கைப் பற்றிப் பேசும்போது மக்கள் குரலே மாறுகிறது. 1845இல் கருகல் நோய் வந்து, அடுத்த ஏழு ஆண்டுகளில் பத்து லட்சம் பேர் பசியாலும் நோயாலும் இறந்த நாடு இது. பக்கத்து வீட்டு அம்மா கிழங்கைப் பச்சையாகச் சீவவே விடமாட்டார், தோலோடு சதை போய்விடுமாம். நல்ல கிழங்கை ‘மாவு உருண்டை’ என்கிறார். வெந்ததும் தோல் வெடித்து, உள்ளே உப்புப் பூத்தது போல வெள்ளையாகத் தெரிய வேண்டும். சிவப்புத் தோல் கொண்ட ரூஸ்டர் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, கார்லோவில் உள்ள ஓக் பார்க் ஆராய்ச்சிப் பண்ணையில் உருவான ரகம் அது. கெர்ஸ் பிங்க் இன்னும் மாவாக இருக்கும், ஆனால் நீரில் கரைந்துவிடும். நான் ரூஸ்டரையே எடுத்தேன்.

அவர் சொன்ன முறை இது. ஒரே அளவான கிழங்கு மூன்று கிலோ, தோலோடு, உப்பு நீரில் 15 நிமிடம் கொதிக்க வேண்டும். பிறகு நீரில் பெரும்பகுதியை வடித்துவிட்டு, அடியில் இரண்டு விரற்கடை மட்டும் விட்டு, மேலே துணி போட்டு மூடி, மெல்லிய சூட்டில் ஆவியிலேயே மீதி வேக வேண்டும். எனக்கு இன்னொரு 20 நிமிடம் ஆனது. சுடச்சுடத் தோலை உரிக்க வேண்டும். துணியில் பிடித்துக்கொண்டு உரித்தாலும் விரல் சிவந்துவிடுகிறது. சமையலில் ஒரு கை உதவி கேட்க வேண்டிய இடம் இதுதான்.

மசிக்க மிக்ஸி வேண்டாம் என்று தெரிந்துவிட்டது. பழைய ஐரிஷ் வீடுகளில் இதற்கென்று மரத்தில் ஒரு கனத்த மத்து இருந்ததாம். என்னிடம் என் அம்மா கொடுத்தனுப்பிய கீரை மத்து இருந்தது. அதையே எடுத்தேன். மேலிருந்து கீழே நேராகக் குத்த வேண்டும், சுழற்றக் கூடாது. கிழங்கு பொலபொலவென்று உதிர்ந்தது. 600 மில்லி பாலில் இரண்டு கட்டு வெங்காயத்தாளை நறுக்கிப் போட்டுக் கொதிக்கவிட்டு, அந்தச் சூட்டோடு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். பால் ஆறியிருந்தால் மசியல் கனத்துவிடுகிறது.

கேல் கீரை 600 கிராம் வாங்கினேன். நடுத்தண்டை உருவி எறிந்த பிறகு 400 கிராம் தேறியது. கொதிநீரில் ஆறு நிமிடம், பிறகு வடிகட்டியில் போட்டு அகப்பையால் அழுத்தி நீரைப் பிழிந்துவிட வேண்டும். ஒத்திகையில் பிழியாமல் போட்டதால் மசியலின் ஓரத்தில் பச்சை நீர் கசிந்தது. பிழிந்த கீரையைப் பொடியாக நறுக்கி, 225 கிராம் வெண்ணெயில் பாதியோடு கலந்தேன். மீதிப் பாதி பரிமாறும்போது. கோல்கேனனை மலை போலக் குவித்து, நடுவில் குழி பறித்து, அதில் வெண்ணெயை விட்டு உருகவிடுகிறார்கள். ஓரத்திலிருந்து எடுத்து அந்தக் குழியில் தொட்டுச் சாப்பிட வேண்டும். உளுந்தங்களியின் நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றித் தந்த என் பாட்டியின் கை அந்த நொடி நினைவுக்கு வந்தது. சமையலறையில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

பாக்ஸ்டி லீட்ரிம், கேவன் பக்கத்து உணவு, பக்கத்து வீட்டு அம்மாவின் சொந்த ஊர்ப் பண்டம். அவருக்கு முன்னால் அதைத் தட்டில் வைப்பதுதான் எனக்கு இருந்த பெரிய பயம். 500 கிராம் பச்சைக் கிழங்குத் துருவல், 500 கிராம் மசித்த கிழங்கு, 150 கிராம் மாவு, அரைத் தேக்கரண்டி சோடா, சுமார் 250 மில்லி மோர், உப்பு. அவருடைய தாயார் தகர டப்பாவில் ஆணியால் துளை போட்டுத் துருவியாக வைத்திருந்தாராம். நான் கடைத் துருவியின் நுண்ணிய பக்கத்தைப் பயன்படுத்தினேன்.

துருவியதைப் பழைய வேட்டித் துணியில் கட்டிப் பிழிந்தேன். கிண்ணத்தில் 180 மில்லி அளவுக்குப் பழுப்பு நீர் இறங்கியது. அதைக் கொட்டிவிடக் கூடாது. பதினைந்து நிமிடம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாச்சத்து படியும். மேல்நீரை மட்டும் சாய்த்துவிட்டு, அடியில் இறுகியிருப்பதைச் சுரண்டி மாவிலேயே சேர்க்க வேண்டும். முதல் முறை எல்லாவற்றையும் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டேன், பாக்ஸ்டி திருப்பும்போது உடைந்தது.

சுடுவதற்குத் தூத்துக்குடியிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த வார்ப்பிரும்பு தோசைக்கல் இருந்தது. எண்ணெய் ஏறிப் பழகிய கல். இங்கேயும் பழக்கம்தான் கெடுத்தது. கல்லை நன்றாகக் காயவைத்து, மாவை ஊற்றி, கரண்டியின் அடியால் வட்டமாக இழுத்தேன். துருவல் கரண்டியோடு வந்துவிட்டது. தேய்க்காமல் விட்டதை எடுத்துப் பார்த்தால் வெளியே கருகி, உள்ளே பச்சை. ஊத்தப்பத்தைவிடக் கனமாக, உள்ளங்கை அகலத்தில் ஊற்றி, தொடாமல் விட வேண்டும். ஒன்பது வரை போகும் என் அடுப்பில் சூடு நாலில் நிற்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம். ஓரம் உலர்ந்து, மேலே சின்னச் சின்னத் துளைகள் வந்த பிறகுதான் திருப்பல். இந்த அளவுக்குப் பதினாறு வந்தது.

டர்னிப் விளக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூசணிக்காய் விளக்கு அமெரிக்காவில் வந்தது, இங்கே பழைய வழக்கம் டர்னிப். மேயோ மாவட்டத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் டொனகலின் ஃபின்டவுன் ஊர் டர்னிப் விளக்கின் வார்ப்பு ஒன்று இருக்கிறது. படத்தில் பார்த்தாலே முகம் நடுங்க வைக்கிறது. 1.1 கிலோ எடையுள்ள மஞ்சள் டர்னிப் ஒன்றைக் கரண்டியால் குடையத் தொடங்கினேன். கரண்டி வளைந்தது. பிறகு துளையிடும் கருவியில் 20 மில்லிமீட்டர் பிட் மாட்டி ஒன்பது துளை போட்டு, இடைச்சதையை உடைத்து எடுத்தேன். மொத்தம் ஒரு மணி நேரம். அடுத்த முறை கருவியிலிருந்தே தொடங்குவேன். கருவி படாத இன்னொரு டர்னிப்பை வேகவைத்து, வெண்ணெயும் மிளகும் சேர்த்து மசித்துப் பரிமாறினேன்.

கடைசியாகக் கேரகீன். அயர்லாந்தின் பாறைக் கரைகளில் வளரும் செம்பழுப்புப் பாசி, உலர்த்தி விற்கிறார்கள். இராமநாதபுரம் கடற்கரையில் நம் பெண்கள் கயிற்றில் கட்டி வளர்க்கும் பாசியிலிருந்து எடுக்கும் கேரஜீனன் என்ற பொருளுக்கு இந்தப் பாசியால்தான் பெயர் வந்தது. அதனாலேயே இதன்மேல் எனக்குத் தனிப் பாசம். 1.8 லிட்டர் பாலில் 16 கிராம் பாசி, பத்து நிமிடம் ஊறவைத்து, இருபது நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டேன். சர்க்கரை, முட்டை, வெனிலா சேர்த்துக் கிண்ணங்களில் ஊற்றி, குளிர்பெட்டியில் ஐந்து மணி நேரம் வைத்தேன். இரவு எட்டரைக்குத் திறந்தால் பால் பாலாகவே இருந்தது.

எங்கே தவறு என்று அப்போது புரியவில்லை. கெர்ரி கடற்கரையில் வளர்ந்த சக செவிலியர் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “சின்ன வயதில் சளி பிடித்தால் இதைத்தான் சூடாகக் கொடுப்பார்கள்” என்றார். உடனே எல்லாவற்றையும் பாத்திரத்தில் திருப்பி ஊற்றி, முட்டை திரியாதபடி மெல்லச் சூடாக்கி, ஜாதிக்காய் துருவித் தம்ளர்களில் கொடுத்தேன். வெளியே மழை, கையில் சூடான பால். பத்துப் பேரும் முழுதாகக் குடித்தார்கள்.

விருந்து நேரத்தில் என்னைத் திணறடித்தது ஓவன்தான். ரொட்டி இரண்டு, ஓவன் ஒன்று. அதனால் ரொட்டி மாலை நாலரைக்கும் ஐந்தேகாலுக்கும் உள்ளே போனது. கிழங்கு ஐந்தரைக்கு அடுப்பில் ஏறியது. ஆறரைக்கு விருந்தினர் வந்தபோது பாக்ஸ்டி சுடவே தொடங்கியிருக்கவில்லை. பத்துப் பேருக்குச் சுட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆனது, கல்லில் ஒரே நேரத்தில் மூன்றுதான் கொள்ளும். பாக்ஸ்டியை மதியமே சுட்டு வைத்துவிட்டு, பரிமாறும்போது வெண்ணெயில் மறுபடி சூடாக்கலாம் என்று பக்கத்து வீட்டு அம்மா அப்போதுதான் சொன்னார். அவர் வீட்டில் மறுநாள் காலை அப்படித்தானாம். அவர் மூன்று பாக்ஸ்டி சாப்பிட்டார். மோதிரம் அவருடைய தங்கைக்குக் கிடைத்தது. கணவரை இழந்த அந்த எழுபத்து நாலு வயதுப் பெண்மணி அதைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு, விடைபெறும்வரை கழற்றவில்லை.

இந்த இரவில் இறந்தவர்கள் வீடு திரும்புவார்கள் என்று நம்பி, ஒரு தட்டில் கோல்கேனன் எடுத்து வைப்பது இங்கே பழைய வழக்கம். படையல் வைத்துப் பழகிய தமிழ் நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களில் ஒருவரே எழுந்து போய், நடுவில் குழி பறித்து வெண்ணெய் வைத்து, தட்டை ஜன்னல் ஓரத்தில் வைத்தார்.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். ஐந்து கிலோ ரூஸ்டர் ஐந்தரை யூரோ, 454 கிராம் வெண்ணெய் இரண்டு கட்டி எட்டு யூரோ, மோர் மூன்று லிட்டர் ஐந்து யூரோ, பாசி இரண்டு பொட்டலம் ஏழு யூரோ. மாவு, கீரை, உலர்பழம் முதலியவை சேர்த்து மொத்தம் 56 யூரோ, தலைக்கு ஆறு யூரோகூட ஆகவில்லை. ஒத்திகையில் வீணானது தனியாக 19 யூரோ. கீரையும் மோரும் இங்கிலீஷ் மார்க்கெட்டில் வாங்கினேன். 1788இலிருந்து நடக்கும் அந்தச் சந்தையில் எந்தக் கீரை முற்றல், எது இளசு என்று கடைக்காரரே பொறுக்கித் தந்தார்.

நேற்று ஞாயிறு, பாசியை மட்டும் மறுபடி எடுத்தேன். 900 மில்லி பால், 8 கிராம். விகிதம் அன்று போட்டதேதான். இம்முறை வடிகட்டியபோது பாசியைத் தூக்கி எறியாமல், கரண்டியின் முதுகால் வடிகட்டியில் வைத்து அழுத்தித் தேய்த்தேன். கண்ணாடி போன்ற கூழ் அடியில் திரண்டு இறங்கியது. வெள்ளிக்கிழமை நான் குப்பையில் போட்டது அதைத்தான். குளிர்ந்த சாஸரில் ஒரு கரண்டி விட்டு இரண்டு நிமிடம் குளிர்பெட்டியில் வைத்துப் பார்த்தேன். விரலால் தள்ளியபோது மேலே சுருக்கம் விழுந்தது. ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது.